அது பாடி முடிக்கும் வரை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதையில் வரும் மனிதர் கெட்டவர் இல்லை. பாதி கேட்கும்போது உங்களுக்கு அவர் மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது. முழுவதும் கேட்ட பிறகு அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

தெருவில் அவருக்கு ‘உஷ்’ என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடுகிறவர்கள் மரியாதையாக ‘உஷ் சார்’ என்பார்கள். ஒலிப்பதிவு அவர் தொழில். மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. அதில் ஒரு அறையைப் பதிவு அறையாக்கியிருந்தார். சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. சுவர் முழுக்க முட்டை அட்டை, அதன் மேல் பழைய கம்பளி. கதவு விளிம்பில் ரப்பர் பட்டை. உள்ளே மின்விசிறிகூடக் கிடையாது, அதுவும் சத்தம்தானே. பள்ளிக்கூடத்துக்குப் பாடம் வாசிக்க வருகிறவர்களும் பேருந்து நிலையத்துக்கு அறிவிப்புப் பேச வருகிறவர்களும் அந்த அறையிலிருந்து குளித்தவர்கள் மாதிரி வெளியே வருவார்கள்.

அவர் மனைவி தையல்காரி. எல்லோருக்கும் டெய்லரக்கா. பக்கத்து அறையில் அவளுடைய மிஷின். பதிவு அறையின் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு உண்டு. அது எரிந்தால் டெய்லரக்காவின் கால் மிதியில் அப்படியே நிற்க வேண்டும். பாதித் தையலில் ஊசி துணிக்குள் இறங்கி நிற்கும். அணைந்தால் மறுபடி ஓடும்.

“சிவப்பு எரிஞ்சா என் காலுக்கு லீவு. இந்த வீட்டுல காலுக்குத்தான் அரசாங்க உத்தியோகம், எனக்கில்ல” என்பாள் அளவு கொடுக்க வருகிறவர்களிடம். அவர்கள் சிரித்தால் உள்ளேயிருந்து “உஷ்!” என்று வரும். அப்புறம் இன்னும் சிரிப்பார்கள், வாயைப் பொத்திக்கொண்டு.

இப்படி இருபத்தாறு வருடம்.

ஊரின் பிரார்த்தனைக் கூடத்துப் பாடல்களையும் அவர்தான் பதிவு செய்வார். நடக்க முடியாமல் வீட்டில் கிடக்கிறவர்கள் கேட்பதற்காக வாரம் ஒரு பதிவு. அதற்கு அவர் ஒரு காசு வாங்கியதில்லை. ஆனால் அந்த வேலையில்தான் அவர் மிகவும் கடுமை. இருமல், நாற்காலி நகர்த்தும் சத்தம், ஏட்டைப் புரட்டும் சத்தம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவிடுவார், அரிசியில் கல் பொறுக்குவது போல.

“மனுஷனுக்குக் குடுக்கிறதுல பிசிறு இருந்தா மன்னிச்சுக்குவான். ஆண்டவனுக்குக் குடுக்கிறதுல இருக்கக் கூடாது” என்பது அவர் கட்சி.

ஒரே ஒரு முறை தவறு நடந்தது. அனுப்புவதற்கு முன் எல்லோருக்கும் போட்டுக் காட்டும்போது, சுத்தம் செய்த பதிவை மேசையில் விட்டுவிட்டு, அவசரத்தில் அசலைக் கொண்டுபோய்க் கூடத்தில் ஒலிக்கவிட்டுவிட்டார். கூடம் நிறைய ஆட்கள். பதிவில் கூடத்துத் தலைவர் உருகி உருகிப் பேசி, “ஆண்டவனே, நீ எனக்கு ஒரு பதில் சொல்லு” என்று நிறுத்துகிறார். அந்த அமைதியில் யாரோ ஒருவருடைய வயிறு ‘குர்ர்ர்’ என்று பதில் சொன்னது. பெரிய ஒலிபெருக்கி வேறு. சின்னப் பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். தலைவரே தோள் குலுங்கிச் சிரித்தார்.

உஷ் மட்டும் சிரிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து ஒரு விதி போட்டுக்கொண்டார். எதைப் பதிவு செய்தாலும், சுத்தம் செய்து முடித்த கையோடு அசலை அழித்துவிட வேண்டும். இரண்டு இருந்தால்தானே மாறிப்போகும்? அன்றிலிருந்து அவர் கை அதைத் தானாகவே செய்யும், வெளியே போகும்போது கதவைப் பூட்டுகிற மாதிரி.

இப்போது டெய்லரக்காவின் பக்கத்துக்கு வருகிறேன்.

பகலெல்லாம் மிதியில் கால் நிற்பதும் ஓடுவதுமாக இருந்த அவளுக்கு, சத்தம் போடத் தடையில்லாத நேரம் ஒன்று உண்டு. காலை ஆறு மணிக்கு முன்னால், சமையலறைச் சன்னல். அந்தச் சன்னலில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. பின்கட்டுச் சுவர், ஒரு தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், நாலு மின்கம்பி, அடுத்த வீட்டு மரத்தின் ஒரு கிளை. அவள் அங்கே நின்று பாடுவாள். தானே கட்டிய பாட்டு. நாலே வரி.

கண் திறந்தேன், வெளிச்சம் தந்தாய்.
கை திறந்தேன், வேலை தந்தாய்.
வாய் திறந்தேன், என்ன தருவேன்?
தந்ததையே திருப்பித் தந்தேன்.

கூடத்தில் பாட அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்தக் குழாயின் நுனியில் ஒரு பறவை வந்து உட்கார ஆரம்பித்தது. கைக்குள் அடங்குகிற உருவம். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, வால் எப்போதும் மேலே தூக்கி, பள்ளிக்கூட ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி. அவள் ஒரு வரி பாடி நிறுத்தினால் அது பாடும். அது முடித்த பிறகு அவள் அடுத்த வரி. அவள் அதற்குப் பின்பாட்டுக்காரன் என்று பெயர் வைத்தாள்.

உஷ் தேநீருக்கு வரும்போது அவள் அதைப் பற்றிப் பேசுவாள்.

“என்னங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? நாம சாப்பிட்டுட்டு நன்றி சொல்றோம். இது பாருங்க, பாடிட்டுத்தான் இரை தேடவே போகுது. இன்னிக்குக் கிடைக்குமான்னே தெரியாம.”

“ம்.”

“போன வாரம் காத்துல கூடு விழுந்துச்சே, மறுநாள் வராதுன்னு நினைச்சேன். வந்துச்சு. இறக்கை ஒரு பக்கம் ஈரம். அப்படியே பாடுது. நானா இருந்தா முதல்ல நாலு கேள்வி கேட்டிருப்பேன் ஆண்டவனை.”

“நீ யாரைத்தான் கேள்வி கேக்காம விட்டிருக்க?”

“உங்களைத்தான். கேட்டா உஷ்ஷுன்னு பதில் வரும்.”

அவர் சிரிப்பார். ஆனால் காது அங்கே இருக்காது. ஹெட்போன் கழுத்தில் தொங்கும், கவனம் உள்ளே பாதியில் விட்டு வந்த பதிவில் இருக்கும். அந்தப் பறவை அவருக்குத் தெரியும், எதிரியாக. எட்டரை மணிப் பதிவில்கூட செங்கல் சுவரைத் தாண்டி எங்கோ ஒரு கீச்சு நுழைந்துவிடும். “உன் பின்பாட்டுக்காரனுக்கு ஒரு நாள் விடுமுறை குடேன்” என்பார்.

அப்புறம் டெய்லரக்காவின் குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்று நினைத்தார்கள். பிறகு சுடுதண்ணீர், பிறகு மாத்திரை, பிறகு பெரிய மருத்துவமனை. மருத்துவர் காகிதத்தில் ஒரு கழுத்துப் படம் வரைந்து காட்டினார். கட்டி குரல்வளையில். குரல்வளையை எடுக்க வேண்டும். உயிர் இருக்கும், சாப்பிடலாம், வேலை செய்யலாம். குரல் இருக்காது.

பேருந்தில் திரும்பினார்கள். இறங்கும்போது அவள் சொன்னாள், “எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க. என் காலைப் பாட்டைப் பிடிச்சு வையுங்க. அப்புறமா நான் சன்னல்கிட்ட அதைப் போட்டுட்டு வாயசைச்சுக்கறேன். பாடாம ஒரு நாள் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியல.”

“இது ஒரு பெரிய விஷயமா? உலகத்துலயே சுத்தமாப் பிடிச்சுத் தரேன்” என்றார் அவர்.

மருத்துவமனையில் சேர்வதற்கு இரண்டு நாள் இருந்தது. முதல் நாள் காலை சமையலறையில் மைக்கை நிறுத்தினார். பதிவு அறைக்குள் வா என்றுதான் கேட்டார், அவள் ஒப்பவில்லை. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க முந்தைய நாள் பேருந்து நிலைய அறிவிப்பை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவள் சொன்னாள்:

“இதோ பாருங்க, நான் மட்டும் இல்ல. அது பாடறதையும் சேத்துப் பிடிங்க. எனக்குப் பாதி, அதுக்குப் பாதி. அதோட பாதிய விட்டுடாதீங்க.”

அவர் காதுக்குள் ‘படிக்கட்டில் நின்று பயணம் செய்யாதீர்கள்’ ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய உதடு அசைவதைப் பார்த்தார். தயார் என்று சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினார்.

அவள் பாடினாள். கரகரத்த குரல்தான், ஆனால் சுருதி நகரவில்லை. ஒரு வரி, பிறகு பறவை. ஒரு வரி, பிறகு பறவை. மூன்றாவது வரிக்குப் பிறகு பறவை வெகுநேரம் பாடியது. அவள் சன்னல் கம்பியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு கடைசி வரி. அதன் பிறகு இரண்டு குரலும் நின்றன.

“கிடைச்சிருச்சா?” என்றாள்.

“கிடைச்சிருச்சு” என்றார்.

அறுவை சிகிச்சை அன்று, அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்தத் தாழ்வாரத்தில் அவரால் உட்கார முடியவில்லை. அவளுக்கு மாற்றுத்துணி எடுத்து வரும் சாக்கில் வீட்டுக்கு வந்தார். வீடு வெறிச்சென்றிருந்தது. மிஷினில் ஊசி துணிக்குள் இறங்கி நின்றது. வேறு எங்கே போவார்? பதிவு அறைக்குள் போய் விளக்கைப் போட்டார். பயந்தவன் தன் தொழிலைத்தானே பிடித்துக்கொள்வான். அவளுடைய பாட்டை எடுத்துச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார்.

கேட்கக் கேட்க ஒன்று அவர் காதில் பட்டது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் அவள் இவ்வளவு நேரம் நிற்கிறாளே! மூச்சு வாங்குகிறது பாவம், நோய் தொண்டையை அடைத்திருக்கிறது, என்னிடம் சொல்லாமல் நின்று நின்று பாடியிருக்கிறாள் என்று நினைத்தார். வெளியூரில் இருக்கும் மகள் இதைக் கேட்டால் தாங்குவாளா? டெய்லரக்காவே பின்னால் கேட்கும்போது தன் நோயைத்தானே கேட்பாள்?

ஆகவே இடைவெளிகளை வெட்டினார். ஒரு மயிரிழைகூடத் தெரியாமல் வரியோடு வரியை ஒட்டினார். பறவை பாடியதெல்லாம் இடைவெளியில்தான் இருந்தது, அவள் பாடும்போது அது குறுக்கிடவே இல்லை. அதனால் பறவையும் தானாகப் போய்விட்டது. அதை அவர் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்தார். கரகரப்பைக் கொஞ்சம் தேய்த்து எடுத்தார். முடித்துக் கேட்டபோது முப்பது வயது டெய்லரக்கா ஒரே மூச்சில் பாடுவது போல் இருந்தது. அவர் அழுதார்.

பிறகு, கதவைப் பூட்டுகிற மாதிரி, அவர் கை அசலை அழித்தது.

மகளுக்கு அனுப்பினார். உடனே அழைத்தாள். “அப்பா, அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குப்பா. கணீர்னு இருக்கு” என்று விம்மினாள். அந்த வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு அவர் மருத்துவமனைக்கு ஓடினார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். டெய்லரக்காவின் கழுத்தில் ஒரு சிறு துளை, அதன் வழியாக மூச்சு. பேச்சுக்குப் பதில் அவளுடைய அளவு நோட்டு. முன்பக்கம் தோள், மார்பு, இடுப்பு என்று ஊராருடைய அளவுகள். பின்பக்கத்திலிருந்து அவள் பேச்சு.

மறுநாள் விடியற்காலை அவர் சன்னல் திண்டில் சின்ன ஒலிபெருக்கியை வைத்தார். பரிசு கொடுப்பவன் முகம் அவருக்கு. அவள் தலையை வாரி, முகம் கழுவி வந்து நின்றாள். கூடத்துக்குப் போவது போலத்தான். அவர் பொத்தானை அழுத்தினார்.

முதல் வரி வந்தது. அவள் முகம் மலர்ந்தது. உதடு அசைந்தது. ‘வெளிச்சம் தந்தாய்’ என்று முடிந்ததும் அவள் வாயை மூடி, முகவாயைச் சன்னல் பக்கம் திருப்பினாள். அதற்குள் இரண்டாவது வரி பாதி போய்விட்டது. திடுக்கிட்டுத் திரும்பி அதைப் பிடிக்க முயன்றாள். பிடிப்பதற்குள் மூன்றாவது. அவளுடைய குரலே அவளை விட்டுவிட்டு ஓடியது, கைப்பிள்ளையை மறந்துவிட்டு ஓடுகிறவர்கள் மாதிரி. அரை நிமிடத்துக்குள் பாட்டு முடிந்துவிட்டது.

இன்னொரு முறை என்று விரலைக் காட்டினாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அவர் மறுபடி போட்டார். இரண்டாவது முறை அவள் வாயசைக்கவில்லை. கேட்டாள். பிறகு நோட்டை எடுத்தாள்.

‘அது எங்க?’

“எது?”

‘பின்பாட்டு.’

“ஓ, அந்தச் சத்தமா? எடுத்துட்டேன். ஒரு பிசிறு இல்ல பாத்தியா? நீ மூச்சு வாங்கின இடத்தைக்கூட ஒட்டிட்டேன். உனக்கு முடியலைன்னு யாருக்கும் தெரியாது.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு எழுதினாள், நிதானமாக, அளவு எழுதுகிற அதே கையெழுத்தில்.

‘மூச்சு வாங்கல. அது பாடி முடிக்கும் வரை நின்னேன்.’

அதன் கீழே:

‘உங்ககிட்ட சொன்னேனே.’

அப்போதுதான் அவருக்கு அந்த உதடு அசைந்தது ஞாபகம் வந்தது. தயார் என்று சொல்ல அத்தனை சொற்கள் எதற்கு என்று அன்று தோன்றவே இல்லையே. “இரு, இரு, அசல்ல இருக்கும்” என்று சொல்லிக் கிளம்பியவர், இரண்டாவது எட்டு வைக்கவில்லை.

அழித்ததை மீட்க முடியாதா என்று கேட்பீர்கள். அவரும் தலைகீழாக நின்று பார்த்தார். அந்த இடத்தின் மேல் வேறு பதிவு ஏறிவிட்டிருந்தது. மருத்துவமனைச் செலவுக்காக அவசரமாகச் செய்து கொடுத்த அறிவிப்புகள். தோண்டத் தோண்ட ‘வரிசையில் நிற்கவும்’, ‘உடைமைகளைப் பார்த்துக்கொள்ளவும்’ என்றுதான் வந்தது.

சரி, பறவை இருக்கிறதே, அதைப் பிடிப்போம் என்று மைக்கைச் சன்னலில் கட்டினார். பன்னிரண்டு காலை. காகம் கிடைத்தது, தண்ணீர் மோட்டார் கிடைத்தது, கீழ்வீட்டுக்காரர் வாய் கொப்பளித்துத் துப்புவது மிகத் துல்லியமாகக் கிடைத்தது. குழாயின் நுனி காலியாகவே இருந்தது. மாதம் மாறிவிட்டது. கூடு கட்டும் காலம் முடிந்தால் அந்த இனம் பாடுவதை நிறுத்திவிடும் என்று யாரோ சொன்னார்கள். அது போய்விட்டதா, இருந்தும் வாய் திறக்கவில்லையா, யாருக்குத் தெரியும்.

மகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

“அப்பா, அம்மா ஆயுசுல உங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு” என்றாள் அவள்.

“தெரியும்மா.”

“கேட்டது சத்தத்தைத்தான். அது உங்க தொழில்.”

“தெரியும்.”

“நானும்தான் கணீர்னு இருக்குன்னு சொன்னேன்” என்று அவளும் அழுதாள். பிறகு எங்கெங்கோ தேடி அதே இனத்துப் பறவையின் குரல்களை அனுப்பி வைத்தாள். அவர் மறுபடி உட்கார்ந்து, வரிகளைப் பிரித்து, நடுவில் அவற்றை வைத்துத் தைத்தார். மிக அழகாகத்தான் வந்தது. டெய்லரக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுதினாள்:

‘இவன் யாரோ. நல்லாத்தான் பாடறான். எனக்குப் பதில் சொல்லல. தனக்குத்தானே பேசிக்கிறான்.’

பிறகு, தையல்காரி அல்லவா, சேர்த்துக்கொண்டாள்:

‘நீளமும் தப்பு.’

“எவ்வளவு நீளம் வேணும், சொல்லு. ரெண்டு செகண்டா? மூணா? வெச்சுத் தரேன்.”

அவள் நோட்டை மூடிவிட்டாள்.

அதன் பிறகு அவள் சன்னலுக்குப் போகவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். சாப்பிட மறுத்திருந்தால் கெஞ்சியிருப்பார். அவள் எல்லாம் சரியாகச் செய்தாள். ஆறு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, நேராக மிஷினில் போய் உட்கார்ந்தாள். பொத்தான் வைத்தாள், ஓரம் அடித்தாள். சன்னலின் ஒரு கதவு சாத்தியே கிடந்தது. நன்றி சொல்லித் தொடங்கிய நாட்களை அவள் இப்போது வெறுமனே தொடங்கினாள்.

“பாட்டு வேண்டாம். சும்மா மனசுல சொல்லிக்கோயேன். ஆண்டவனுக்குக் கேக்காதா?” என்று ஒருநாள் கேட்டார்.

‘கேக்கும். தனியாச் சொல்ற பழக்கம் எனக்கு விட்டுப்போச்சு’ என்று எழுதினாள்.

அவர் வெளியாருக்குப் பதிவு வைப்பதைக் குறைத்துக்கொண்டார். சிவப்பு பல்பைக் கழற்றி வைத்தார். “இஷ்டத்துக்குத் தை. யாரும் வரல” என்றார். மிஷின் நாள் முழுக்க நிற்காமல் ஓடியது. அதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். முட்டை அட்டை ஒட்டிய அறையில் இருபத்தாறு வருடமாக ஆண்டவனுக்காகச் சத்தத்தைப் பொறுக்கி எடுத்து வெளியே எறிந்துகொண்டிருந்தோமே, எறிந்த குப்பையில் என்னவெல்லாம் போயிருக்கும் என்று கணக்கெடுக்க முயல்வார். கூடத்துப் பாட்டில் தவறான இடத்தில் சேர்ந்துகொண்ட ஒரு கிழவரின் குரலை எடுத்தது ஞாபகம் வந்தது. அந்தக் கிழவர் இப்போது இல்லை. கைக்குழந்தை ஒன்று ‘ஆ’ என்று கூவியதை எடுத்தது ஞாபகம் வந்தது. அந்தத் தாய்க்கு அது கேட்டிருந்தால் பிடித்திருக்கும்.

ஒருநாள் காலை, மிஷின் சத்தம் வருமுன், அவர் சமையலறைக்குப் போனார். சன்னலின் இரண்டு கதவையும் திறந்தார். மைக் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

அவர் பாடி யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரே முதலில் வெட்டியிருப்பார். இரும்புக் கட்டிலை இழுக்கிற குரல்.

“கண் திறந்தேன், வெளிச்சம் தந்தாய். கை திறந்தேன்…”

முழங்கையில் ஒரு கை அழுத்தியது. டெய்லரக்கா எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. விரலில் நூல் சுற்றியிருந்தது. அழுத்தம் தளரவில்லை. அவர் வாயை மூடினார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், குழாயின் நுனியை. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு சொட்டு நீர் தொங்கி விழுந்தது. பிறகு கை தளர்ந்தது.

“கை திறந்தேன், வேலை தந்தாய்.”

மறுபடி அழுத்தம். இது முதலாவதைவிடக் குறைவு. நீளம் இதுதான். அவர் நொடிக் கணக்கில் கேட்டதை அவளால் எழுதிக் காட்ட முடியவில்லை, அது அவள் கைக்குள் இருந்தது. இந்த நீளங்கள் மூன்றும் ஒருநாள் முழுசாக அவரிடம் இருந்தன, பறவையோடு சேர்த்து. அவரேதான் எடுத்தார், அழுதுகொண்டே, அன்போடு.

கை தளர்ந்தது.

“வாய் திறந்தேன், என்ன தருவேன்?”

அவள் விரல்கள் இறுகின. அவர் காத்திருந்தார். கீழ்வீட்டில் குழாய் திறந்து மூடியது. எங்கோ ஒரு வண்டி கிளம்ப மறுத்துக் கனைத்தது. மரக்கிளை அசைந்தது, காற்றுதான். இன்னும் கை எடுக்கப்படவில்லை. எந்தப் பதிவிலும் இவ்வளவு நீண்ட வெறுமையை அவர் விட்டுவைத்ததில்லை. அவளுக்கு மறந்துவிட்டதோ என்று நினைத்தார். அவள் அழுகிறாளோ என்று பயந்தார். அந்த அமைதியில் நிற்க முடியாமல், பிடி தளரும் முன்பே கடைசி வரியைப் பாடிவிட்டார்.

“தந்ததையே திருப்பித் தந்தேன்.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அழவில்லை. மிஷின் அறைக்குப் போய் நோட்டோடு திரும்பி வந்து, சன்னல் திண்டில் வைத்து எழுதினாள்.

‘அதோட மூணாவது ரொம்ப நீளம். அவசரப்பட்டுட்டீங்க.’

“ஆமா” என்றார் அவர்.